கொஞ்ச தூரம் ஓடினதும் முன்பக்கத்தில் கருகல் வாடை: கிளட்ச்சா, பிரேக்கா, வேறு எதுவுமா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருந்து எழுதுகிறேன். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 5 கியர் மேனுவல், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக வண்டி சூடானதும் ஒரு கருகல் வாடை வருகிறது. வீட்டில் இருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. உக்கடத்தில் கிளம்பி அவிநாசி ரோட்டில் ஏர்போர்ட் தாண்டும்போது லேசாக ஆரம்பிக்கும். கருமத்தம்பட்டியில் நிறுத்தி இறங்கினால் வண்டியைச் சுற்றி நன்றாகவே அடிக்கும். போன வாரம் கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உள்ளே உட்கார முடியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தோம். புகை இல்லை. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, டெம்பரேச்சர் முள்ளும் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது.

பக்கத்துப் பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் போயிருச்சு, செட்டா மாத்திரலாம்" என்றார்கள். கூலியோடு ₹11,000 ஆகுமாம். கிளட்ச்தான் என்றால் மாற்றிவிடுவேன். மாற்றிய பிறகும் வாடை வந்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை. அம்மா கோத்தகிரியில் இருக்கிறார்கள், அடிக்கடி மலை ஏறி இறங்கியாக வேண்டும். கியர்பாக்ஸை இறக்காமல் கிளட்ச் கெட்டதா நல்லதா என்று பார்க்க வழி இருக்கிறதா?

கரூர் பட்டறை:

தம்பி, அவசரப்பட்டு இறக்க வேண்டாம். கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் பிசின் சேர்த்து அழுத்திய உராய்வுப் பொருளில் செய்தவை. அளவுக்கு மேல் சூடானால் இரண்டும் காகிதம் கருகின மாதிரி காரமாக, தொண்டையைப் பிடிக்கிற வாடைதான் தரும். இருபது வருடமாகப் பட்டறையில் நிற்கிற எனக்கே மூக்கை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் வாடை எப்போது வருகிறது, எந்த மூலையில் இருந்து வருகிறது என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மற்ற வாடைகளை ஓரளவு பிரித்துவிடலாம். இன்ஜினின் மேல்மூடியான டாப்பட் கவரின் பேக்கிங் கசிந்து, புகை வெளியேறுகிற சூடான குழாயான மேனிஃபோல்டில் இன்ஜின் ஆயில் விழுந்தால் எண்ணெய் தீய்கிற வாடை வரும், பெரும்பாலும் லேசான நீலப் புகையும் சேர்ந்து வரும். கூலன்ட் கசிந்தால் இனிப்பு கலந்த வாடை. பெல்ட் வழுக்கினால் ரப்பர் வாடையோடு கீச் சத்தமும் கேட்கும். வயர் உருகினால் பிளாஸ்டிக் கருகுவது தனியாகத் தெரியும், சில கனெக்டர்களில் இருந்து மீன் வாடை போலக்கூட வரும். அழுகின முட்டை வாடை என்றால், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பிளக் சரியாகப் பொறி விடாமல் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் கன்வெர்ட்டர் பழுக்கிற அளவுக்குச் சூடாகும்.

இதற்குப் பதில் சொல்லுங்கள். மேட்டில் ஏறும்போது அதிகமா, இறங்கும்போது அதிகமா? மைலேஜ் குறைந்திருக்கிறதா? சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி முன்னைப் போல உருள்கிறதா, சீக்கிரம் நின்றுவிடுகிறதா? வண்டியின் எந்தப் பக்கம் வாடை அதிகம்?

கொல்லிமலை 70:

கிளட்ச்சைப் பொறுத்தவரை ரோட்டிலேயே தெரிந்துவிடும். காலியான ரோட்டில் 4-வது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் ஆர்.பி.எம். முள்ளும் சட்டென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து மெதுவாக ஏறினால் நல்ல கிளட்ச்.

இன்னொரு சோதனையும் உண்டு. சமதளத்தில் நிறுத்தி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக் பெடலிலும் கால் வைத்து, 3-வது கியரில் போட்டு கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. ஒருதடவைக்கு மேல் செய்ய வேண்டாம், நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

எங்கள் ஊர் மலையில் 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் இருந்து ஏறுகிற வெளியூர் வண்டிகளில் பாதியாவது வளைவுக்கு வளைவு ஹாஃப் கிளட்ச்சில் நின்று ஏறும். மேலே போய்ச் சேரும்போது கிளட்ச் வாடை ஊருக்கே அடிக்கும். ஆனால் அது ஏறும்போது வருகிற வாடை. இறங்கும்போது கிளட்ச்சுக்கு வேலையே இல்லையே. நீங்கள் சொல்வது இறங்கும்போது. எனக்கு பிரேக் மேல்தான் சந்தேகம்.

தாமிரபரணி டீசல்:

ஆயில் கசிவையும் விட்டுவிடாதீர்கள். என் பழைய பெட்ரோல் வண்டியில் இதே மாதிரி, ஓடும்போது ஒன்றும் தெரியாது, சிக்னலில் நின்றால் உள்ளே தீய்ந்த வாடை. ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கிற வழி முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று பானெட் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், நின்றதும் அந்தச் சூடெல்லாம் மேலே கிளம்பி நேரே உள்ளே வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் டாப்பட் கவரின் பின்பக்க ஓரத்தில் ஆயில் கோடு இழுத்து, மேனிஃபோல்டின் மேல் தகட்டில் கருப்பாகக் காய்ந்து கிடந்தது. புது பேக்கிங் போட்டு, சிந்தியதைத் துடைத்த பிறகும் மிச்சம் எரிந்து தீரும்வரை வாடை இருந்தது. பிளக் குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஏசியை ரீசர்க்குலேஷனில், அதாவது உள்காற்றையே சுற்றவிடுகிற நிலையில், வைத்தால் வாடை குறைகிறதா? குறைந்தால் வெளியில் இருந்து வருகிறது. ரீசர்க்குலேஷனிலும் அதே அளவு வந்தால் டேஷ்போர்டுக்குள், புளோயர் பக்கம் பார்க்க வேண்டும்.

நொய்யல்கரை:

இத்தனை பேர் பதில் சொன்னதற்கு நன்றி. கேட்டதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கிளட்ச் சோதனை இரண்டையும் செய்தேன். 3-வது கியரில் கிளட்ச்சை விட ஆரம்பித்ததுமே இன்ஜின் குலுங்கி ஆஃப் ஆகிவிட்டது. 4-வது கியரில் ஆர்.பி.எம். தனியாக ஓடவில்லை. ஆயில் பக்கம், டாப்பட் கவர் காய்ந்துதான் இருக்கிறது, மேனிஃபோல்டில் கறை இல்லை. ரீசர்க்குலேஷனில் வைத்தால் வாடை பாதிக்கும் மேல் குறைகிறது.

மைலேஜ் முன்பு ஹைவேயில் 18 கொடுத்தது, இப்போது 15-ஐத் தாண்டவில்லை. நியூட்ரலில் உருள்வது குறைந்திருப்பது நிஜம். ஸ்டீயரிங்கை லூசாகப் பிடித்தால் இடதுபக்கம் மெல்ல இழுக்கிறது, அலைன்மென்ட் என்று நினைத்திருந்தேன். நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து மோந்து பார்த்ததில் முன் இடது சக்கரத்துப் பக்கம்தான் தூக்கலாக இருக்கிறது.

கரூர் பட்டறை:

அப்படியென்றால் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது தம்பி. முன் இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மைலேஜ், இழுப்பு, உருளாதது, வாடை நான்குக்கும் அதுவே காரணம்.

உறுதி செய்ய, சமதளத்தில் பத்துப் பதினைந்து கி.மீ. கூடியவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டி, கடைசியிலும் தானாக வேகம் குறைந்து நிற்கிற மாதிரி நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். பிரேக்கே பயன்படுத்தாமல் வந்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. பளபளப்பான டிஸ்க் முகத்தில் அடித்தால் அளவு குறைவாகக் காட்டும், அதனால் இடது வலது இரண்டிலும் துருப்பிடித்த நடுப்பகுதியில் ஒரே இடமாகப் பார்த்து எடுங்கள்.

அனலாக இருக்கிறதே என்று மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மலையில் இறங்கிவந்து டீக்கடையில் நிறுத்தி, குடம் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, கல் வைத்து நிறுத்துங்கள்.

செங்காந்தள்:

நொய்யல்கரை அண்ணா, பிரேக் என்று ஏறக்குறைய தெரிந்துவிட்டது, இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தாம்பரத்தில் எங்கள் வண்டி மழை நாட்களில் சும்மா நின்றது. எடுத்து ஓட்டினால் துணி கருகுகிற வாடை. பானெட்டைத் திறந்தபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. இன்ஜினுக்குப் பின்னால், மேனிஃபோல்டின் வெப்பத் தகட்டுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், பழைய துணிக் கிழிசல், முறுக்குப் பாக்கெட் கவர். தகட்டின் மேல் பட்ட நார் கருப்பாகியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் பற்றியிருக்கும். கூட்டை எடுத்த பிறகு எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கை முழுக்கப் பார்க்கச் சொன்னோம். இன்ஜெக்டருக்குப் போகிற வயரின் மேல்தோலைக் கடித்து வைத்திருந்தது.

அதேபோல ரோட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டிக்கொண்டாலும் பயங்கரமாக வாடை வரும். குனிந்து அடியில் ஒருமுறை பார்ப்பதற்கு யாருக்கும் காசு தர வேண்டாம்.

கொல்லிமலை 70:

சகோதரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். புது வண்டியில் முதல் சில நாள் சைலன்சரின் பாதுகாப்புப் பூச்சு எரிவதும், அண்டர்கோட்டிங் அடித்த கையோடு சைலன்சரில் தெறித்தது எரிவதும் கெடுதல் இல்லை, தானாக நின்றுவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது அதன் உள்ளே சூடு சுமார் 600 டிகிரிக்குப் போகும், அப்போது சூட்டு வாடை வரும், ஃபேனும் வேகமாக ஓடும். அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

நொய்யல்கரை:

கரூர் அண்ணா சொன்ன மாதிரி நீலாம்பூர் பைபாஸில் ஓட்டி அளவெடுத்தேன். நண்பரின் ஏசி சர்வீஸ் கடையில் தெர்மாமீட்டர் கிடைத்தது.

முன் இடது டிஸ்க் 168 டிகிரி. முன் வலது 63. பின் டிரம் இரண்டும் 45-க்குப் பக்கத்தில். இடது ரிம்மில் பிரேக் தூசி வேறு கரிகரியாகப் படிந்திருக்கிறது, வலதில் அவ்வளவு இல்லை.

இனி என்ன செய்யச் சொல்ல வேண்டும்? வெறுமனே பேட் மாற்றினால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கரூர் பட்டறை:

சரி செய்யாமல் மலைக்குப் போகாதீர்கள் தம்பி. பஸ்ஸில் போய் வாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பிரேக் ஆயில். டாட் 3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும் சுபாவம் உள்ளது. ஈரம் ஏறிய பிறகு இந்த அளவுகள் 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். உங்கள் டிஸ்க் சமதளத்திலேயே பிரேக் மிதிக்காமல் 168 காட்டுகிறது. மலை இறக்கத்தில் இன்னும் எவ்வளவோ மேலே போகும், அந்தச் சூடு பேட், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு வரும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும், பிரேக் பிடிக்காது.

வேலைக்கு வருவோம். பேட் மட்டும் மாற்றினால் புதுப் பேடும் இதேபோலக் கருகும். ஏன் விடவில்லை என்று பார்க்க வேண்டும். பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பர், இரண்டு பின் (pin) மேல் உள்ளும் வெளியும் வழுக்கி நகர வேண்டும், அந்தப் பின் இறுகியிருக்கலாம். பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே போகாமல் இருக்கலாம். கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். கேலிப்பரைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று, இரண்டு பின்னையும் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல பின் இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வரும். கழற்றிய பேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடிமனைப் பாருங்கள். உள்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகரவில்லை, அல்லது பிஸ்டன் திரும்பவில்லை.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தலைப்புக்குப் பக்கத்து விடயம் என்றபடியால் இங்கேயே கேட்கிறேன். எங்கள் வாகனத்தில் இரவு ஓடும்போது மட்டும் பிளாஸ்டிக் எரிஞ்ச மணம் வருகிறது, பகலில் இல்லை. ஏ9 வீதியில் கொழும்புக்குப் போகும்போது வவுனியா தாண்ட முதலே மணம் தொடங்கிவிடும். ஸ்டீயரிங்கிற்கு வலப்பக்கம்தான் கூட. மேலதிகமாக இரண்டு ஃபொக் லைற் பூட்டியிருக்கிறோம், அதற்கு டாஷ்போர்டில் தனிச் சுவிற்ச். கராஜில் ஃபியூஸ் பார்த்தார்கள், எரியவில்லை. எங்கே தேட வேண்டும்?

12 வோல்ட்:

வடமராட்சி நண்பரே, அந்த ஃபாக் லைட் சுவிட்ச்சைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத அளவு சுடும் என்று நினைக்கிறேன். 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்குகிற தனிச் சுவிட்ச்) இல்லாமல் அத்தனை கரண்டையும் சின்ன டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே கொண்டுபோயிருந்தால் அதன் உள் காண்டாக்ட் கருகி, பிளாஸ்டிக் உருகும். ஃபியூஸ் எரியாததில் ஆச்சரியம் இல்லை. ஃபியூஸ் கரண்ட் அளவைத்தான் கவனிக்கும். லூசான இணைப்பில் உண்டாகிற சூடு அதற்குத் தெரியாது.

பேட்டரியில் இருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, தடித்த வயரில் ரிலேக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விளக்குக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும், அதற்கு மிகக் குறைந்த கரண்ட் போதும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முறுக்க வேண்டும். அதுவரை அந்த விளக்குகளை எரிக்காதீர்கள்.

ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்ப் போடுகிறவர்களுக்கும் இதேதான். கம்பெனி கொடுப்பது 60/55 (ஹை பீம் 60, லோ பீம் 55). வயரும் கனெக்டரும் அந்த 60-க்குக் கணக்குப் பண்ணினவை. ஹை பீமில் கரண்ட் 5-ல் இருந்து 8.3 ஆம்பியருக்கு ஏறும், வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகிவிடும். கழற்றிப் பார்த்தால் பல்ப் ஹோல்டர் பழுப்பேறி, தொட்டால் உதிரும்.

தீயணைப்பு ஓய்வு:

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வாடை புகையாக மாறினால் ஆராய்ச்சி அப்புறம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் சாவியையும் ஆஃப் செய்து, குழந்தைகள், பெரியவர்கள் உட்பட எல்லோரையும் இறக்கி, வண்டிகள் ஓடாத பக்கமாகத் தள்ளி நிற்க வையுங்கள். பானெட்டுக்குள் இருந்து புகை வந்தால் அகலத் திறக்காதீர்கள், காற்று கிடைத்ததும் தீ எழும்பும். 1 கிலோ ஏ.பி.சி. பவுடர் எக்ஸ்டிங்விஷர் வண்டியில் இருந்தால் பானெட் பூட்டை மட்டும் விடுவித்து, கிடைக்கிற இடுக்கு வழியாக அடியுங்கள். அதை டிக்கியில் சாமான்களுக்கு அடியில் வைக்காமல் முன்சீட்டுக்குக் கீழே பட்டையால் கட்டி வையுங்கள். அது தீர்ந்தும் அணையவில்லை என்றால் விலகிவிட வேண்டும். 101 அல்லது 112.

நொய்யல்கரை:

இன்று வேறொரு பட்டறையில் கழற்றிப் பார்த்தோம், நானும் கூடவே நின்றேன்.

மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. கீழ்ப் பின்னின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் உறை இருக்கிறது. அது ஊதிப்போய் ஓட்டைக்குள் இறுகிவிட்டது. பிளையரால் திருகித் திருகி வெளியே எடுத்தபோது ரப்பர் மெத்தென்று, விரலில் கருப்பாக ஒட்டியது. உள்ளே மஞ்சள் நிறத்தில் சாதாரண கிரீஸ். முன்பு எப்போதோ பேட் மாற்றியபோது அதைத் தடவியிருக்கிறார்கள். பேட் இரண்டில் உள்பேட் தகடு தெரிகிற நிலைக்கு வந்துவிட்டது, அதிலும் கீழ்ப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. வெளிப்பேடில் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. பிஸ்டன் ரப்பர் கிழியவில்லை, பிஸ்டனும் சி-கிளாம்ப்பில் ஒரே சீராக உள்ளே போனது.

புதுப் பின் கிட், இரண்டு பக்கமும் புதுப் பேட் போட்டாயிற்று. வரும் வழியில் வாடை இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

கரூர் பட்டறை:

ரொம்ப நல்லது. வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை இந்த ரப்பர் தாங்காது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதும். சிலிக்கான் அல்லது செயற்கை எண்ணெயில் செய்த, ரப்பருக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற பிரேக் கிரீஸ் சின்ன ட்யூபில் கிடைக்கிறது. மெல்லிசாகத் தடவினால் போதும். வலது பக்கப் பின்களையும் கழற்றித் துடைத்து அதே கிரீஸ் போட்டார்களா? அங்கேயும் பழைய மஞ்சள் கிரீஸ்தான் இருக்கும்.

பிரேக் ஆயிலை மாற்றினார்களா? எழுதவில்லையே.

நொய்யல்கரை:

வலது பின்களையும் சுத்தம் செய்தார்கள். ஆயில் மாற்றவில்லை. ஆனால் இப்போது வேறு செய்தி. நேற்று கோவை நகரத்துக்குள்ளேயே காந்திபுரம், ஆர்.எஸ். புரம் என்று நாலு இடம் சுற்ற வேண்டியிருந்தது. நல்ல நெரிசல். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே இடது சக்கரத்தில் வாடை. முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் அதேதான். அளந்தால் இடது 131, வலது 88. புதுப் பேட் படிகிறவரை வாடை வரும் என்று பட்டறையில் சொல்கிறார்கள்.

கரூர் பட்டறை:

புதுப் பேடில் முதல் சில நாள் வாடை வருவது உண்மைதான். ஆனால் புதுப் பேட் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறீர்கள், வாடை ஒரு பக்கம்தான். 43 டிகிரி வித்தியாசத்துக்கு அது காரணம் ஆகாது.

ஹைவேயில் பிரேக் அதிகம் மிதிக்காமல் வந்தபோது இல்லை, நெரிசலில் மிதித்து மிதித்து வந்தபோது இருக்கிறது. ரப்பர் ஹோஸ் இப்படித்தான் செய்யும். உள்சுவர் வீங்கி வழி குறுகியிருந்தாலும் உங்கள் காலின் பலத்துக்கு ஆயில் கேலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வருவதற்கு அந்த பலம் கிடையாது, பிஸ்டன் சீலின் சின்ன நெகிழ்வு மட்டுமே தள்ளுகிறது. அதனால் அழுத்தம் உள்ளேயே நிற்கும். சூடாகி ஆயில் விரிந்தால் இன்னும் இறுகும். கொஞ்ச நேரம் நின்றால் மெல்லக் கசிந்து விட்டுவிடும். அதனால்தான் பட்டறையில் வண்டி ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது.

இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். இடது சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பிரேக்கை நன்றாக நாலைந்து முறை மிதித்து விட வேண்டும். கையால் சுற்றினால் சக்கரம் இறுக்கமாக இருக்கிறதா? இருந்தால், முதலில் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற யூனியனை லேசாகத் தளர்த்த வேண்டும். சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மேலே, பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் கேலிப்பரில் உள்ள, ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். சீறிக்கொண்டு ஆயில் வந்து சக்கரம் விடுகிறதா, ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன். உங்கள் வண்டி மாதிரி முன்சக்கரம் இழுக்கிற கார்களில் பெரும்பாலும் முன் இடதும் பின் வலதும் ஒரே லைன், மாஸ்டர் சிலிண்டர் என்றால் பின் வலதும் சூடாகியிருக்கும். அதை அளந்தீர்களா?

நொய்யல்கரை:

பின் வலது 50, பின் இடது 49. வித்தியாசம் இல்லை.

இன்று நீங்கள் எழுதியதை அப்படியே பட்டறையில் படித்துக் காட்டினேன். அவர்களும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். மிதித்த பிறகு சக்கரம் இரண்டு கையால் சுற்றினாலும் கஷ்டப்பட்டுத்தான் சுற்றியது. யூனியனைத் தளர்த்தியபோது ஒரு சொட்டுதான் வந்தது, சக்கரம் அப்படியே இறுக்கம். நிப்பிளைத் திறந்ததும் சர்ரென்று ஒரு கோடு அடித்தது, சக்கரம் லேசாகிவிட்டது. கழற்றிய ஹோஸை வாயில் வைத்து ஊதக்கூட முடியவில்லை என்று பையன் சொல்ல வந்தான், அதற்குள் பட்டறைக்காரர் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காட்டினார். ஒரு பக்கம் இருந்து போகிறது, மறுபக்கம் இருந்து அடித்தால் திணறுகிறது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தோம். கேலிப்பர் முனைக்கு நாலு விரல் மேலே உள்ரப்பர் ஒரு நாக்கு மாதிரி எழும்பி நிற்கிறது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் கிடையாது.

கொல்லிமலை 70:

கேலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிட்டுவிட்டு பேட் மாற்றுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தக் கனத்தில் உள்ரப்பர் பிய்ந்துவிடும். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். வண்டி விடும்போதே இதைச் சொல்லி விடுவது நல்லது. இடது ஹோஸ் இந்த நிலை என்றால் வலதும் அதே வயசு, சேர்த்து மாற்றிவிடுங்கள்.

நொய்யல்கரை:

இரண்டு ஹோஸும் மாற்றியாயிற்று. டாட் 4 ஆயில் முழுவதும் புதிதாகப் போட்டு நான்கு சக்கரத்திலும் ஆயிலில் சேர்ந்த ஏர் எடுத்தார்கள். பழையது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. கிளட்ச் சொன்ன ₹11,000-க்கு முன்னால் பின் கிட், பேட், ஹோஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்தே பாதிக்குக் கீழேதான்.

கடைசியாக ஒரு சந்தேகம். இடது டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டுமா, அப்படியே ஓட்டலாமா?

கரூர் பட்டறை:

நீலம் என்றால் அந்த இடம் ரொம்பச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக மட்டும் தூக்கிப் போட வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று அச்சடித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்து நாலு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், மாற்றினால் இரண்டு பக்கமும். மேலே இருந்து, விரிசல் இல்லாமல், 60, 70 வேகத்தில் பிரேக் மிதித்தால் பெடலோ ஸ்டீயரிங்கோ உதறாமல் இருந்தால் ஓட்டலாம். உதறினால் கோணியிருக்கிறது.

மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். வேகம் மீறும்போது நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். கால் முழுநேரமும் பெடலில் லேசாக ஒட்டிக்கொண்டே வந்தால் நல்ல பிரேக்கும் கருகும்.

நொய்யல்கரை:

அளந்தோம். அச்சடித்த அளவைவிட இன்னும் ஒன்றரை மி.மீ. மிச்சம் இருக்கிறது, விரிசல் இல்லை, உதறலும் இல்லை. அதே டிஸ்க்கையே விட்டுவிட்டேன். நேற்று கோத்தகிரி போய் அம்மாவைப் பார்த்துவிட்டு 2-வது கியரிலேயே இறங்கி வந்தேன். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி அளந்தபோது இடது 142, வலது 137. வாடை இல்லை. நியூட்ரலில் விட்டால் பழையபடி உருள்கிறது, ஸ்டீயரிங்கும் இழுக்கவில்லை. மைலேஜ் ஒரு டேங்க் ஓடிய பிறகு எழுதுகிறேன். கரூர் அண்ணாவுக்கும் கொல்லிமலை அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வடமராட்சி:

12 வோல்ட் அண்ணைக்கும் நன்றி. சுவிற்ச்சைக் கழற்றினால் பின்பக்கம் உருகி இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொடுகிற நிலையில் இருந்தது. றிலே போட்டு, பற்றறிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் வைத்தாயிற்று. இரவு கிளிநொச்சி வரை ஓடிப் பார்த்தோம், மணம் இல்லை, சுவிற்ச் குளிராகவே இருக்கிறது.